இருபத்தொரு நாள் அசையாத கை

பெரிய விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்த்தவள் அவள். நிற்காமல் சுற்றுவதால் எல்லோருக்கும் அவள் பம்பரம்தான். ஒருநாள் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் சூடான உருளையில் அவள் வலது கை மாட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவள் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் புறங்கை வெந்துபோயிற்று.

அவ்வளவு ஆழமாக வெந்த தோல் தானாக வளராது என்றார் டாக்டர். மாட்டுத் தோலின் புரதத்தில் செய்த, பஞ்சு போன்ற மெல்லிய விரிப்பு ஒன்றைப் புண்ணின்மேல் தைத்து, கை அசையாதபடி சட்டம் வைத்துக் கட்டினார்.

"இது தோல் இல்லம்மா. வீடு கட்டும்போது சாரம் கட்டுறோமில்ல, அந்த மாதிரி. உங்க உடம்பு இதைப் புடிச்சு ஏறி சதையை வளத்துக்கும். அப்புறம் சாரம் தானா கரைஞ்சிடும். இருபத்தொரு நாள் கை அசையக் கூடாது, அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அனுபவித்தவள் இவள்.

பஸ் ஓட்டும் கணவன் விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவான். பிறகு வீட்டில் அவளும் கையும்தான். கோணலாகத் தொங்கிய திரைச்சீலை கண்ணை உறுத்தியது. கட்டுக்குள் ஏதாவது வளர்கிறதா, அழுகுகிறதா என்று மணிக்கொரு தரம் முகர்ந்து பார்த்தாள். ஒன்பதாம் நாள், ஈரத் துணி வாளியை இடது கையால் தூக்கினாள். வாளி சாய்ந்தது. பழக்கத்தில் வலது கையும் பாய்ந்து போனது. கட்டுக்குள் ஏதோ நழுவியது.

யாரிடமும் மூச்சு விடவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது, மணிக்கட்டுப் பக்கம் விரிப்புக்குக் கீழே ரத்தம் கட்டியிருந்தது. இரண்டு விரல் அகலம் ஒட்டாமல் பெயர்ந்து வந்தது. மற்ற இடமெல்லாம் நல்ல இளஞ்சிவப்பு. டாக்டர் இளம் நர்ஸ் பக்கம் திரும்பி, கட்டைத் தளர்வாகப் போட்டதற்காக நன்றாகத் திட்டினார். அந்தப் பெண் கத்தரிக்கோலைத் துடைத்தாள். முதல் நாள் இவளுக்குத் தலை வாரிவிட்டவள் அவள்தான்.

டாக்டர் வாசல்வரை போய்விட்டார்.

"டாக்டர், அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நான்தான் வாளியைத் தூக்கினேன்."

அவர் திரும்பி வந்து ஏன் என்று கேட்டார்.

"துணி ஈரமா கெடந்துச்சு," என்றாள்.

டாக்டர் நர்ஸிடம் தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டார். பெயர்ந்த இடத்தில் புதுத் துண்டு தைக்கப்பட்டது. நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

ஆஸ்பத்திரிக்குக் கூட வந்திருந்த கணவன் அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தான். பூட்டைத் திறக்கும்போது சொன்னான்: "கை அசையக் கூடாதுன்னுதானே சொன்னாரு. நீ அசையக் கூடாதுன்னு சொல்லலையே. நாளைக்கு என்கூட வண்டியில வா."

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மறுநாள் முதல் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மடியில் தலையணை, அதன்மேல் கை. பள்ளம் வந்தால் பஸ் ஊர்ந்தது. நேரமாகிறது என்று பயணிகள் முணுமுணுத்தார்கள். அவன் காதில் வாங்கவில்லை. இவள்தான் இறங்கிப் பின்னால் நின்று தள்ளலாமா என்று தவித்தாள். கை மட்டும் தலையணையை விட்டு நகரவில்லை.

இருபத்தொன்று முடிந்ததும் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து, வளர்ந்திருந்த சதையின்மேல் ஒட்டினார்கள். பிடித்துக்கொண்டது. சுண்டுவிரல் முழுக்க மடங்காது. புறங்கை வியர்க்காது. மற்றபடி அது அவள் கைதான்.

இப்போது சலவைக்கூடத்தில் அவளுக்குத் துண்டு மடிக்கும் வேலை. திங்கட்கிழமை தவறாமல் மேற்பார்வையாளரிடம் போய், உருளைக்கு எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்கிறாள். அவரும் தவறாமல் முடியாது என்கிறார்.