குறுக்கே வந்த பூனை

வாகன இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர். வண்டியை இடித்துக்கொண்டு வருகிறவர்கள் எழுதித் தரும் வாக்குமூலங்களைப் படித்து, எது உண்மை, எது கதை என்று பிரிப்பது இருபத்தாறு வருஷமாக அவர் உத்தியோகம். அந்த மாடியில் இந்தத் துறையில் அவருக்கு நிகரான அறிஞர் யாரும் இல்லை. அந்த மாடியில் வேறு யாருமே இல்லை என்பது ஒரு துணைக் காரணம்.

கதைகளை அவர் இரண்டாகப் பகுத்திருந்தார். மிருகம் வராதது கட்டுக்கதை. மிருகம் வந்து, பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, கடைசி வரியில் நீதியும் சொல்லிவிட்டுப் போனால் நீதிக்கதை. வாக்குமூலங்களை நம்புவதானால், ஊரிலுள்ள நாய்களெல்லாம் ஷிப்ட் போட்டுக் குறுக்கே ஓடியிருக்க வேண்டும். நீதி எப்போதும் ஒன்றுதான்: ஆகவே தவறு என்னுடையதல்ல. உண்மைக்கு இத்தனை ஜோடனை கிடையாது, ஒற்றை வரியில் மொட்டையாக நிற்கும் என்பது அவர் சித்தாந்தம். ஒரு விதியும் வைத்திருந்தார். எதிரே இருப்பவர் திணறினால் திணறட்டும், நாமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது.

தூரதேசத்தில் வேலை பார்க்கும் மகள் ஞாயிறு காலை தவறாமல் கூப்பிடுவாள். வீட்டுக்கு வந்து நாலு வருஷம். ஒவ்வொரு லீவுக்கும் அவளுடைய பூனை குறுக்கே வந்தது.

"டிக்கெட் வரைக்கும் போட்டுட்டேம்பா. பூனை அலமாரிலேர்ந்து விழுந்து கால உடைச்சிக்கிச்சு. வலது முன்னங்கால்."

அடுத்த வருஷம் அதே கால் இடதாக இருந்தது. "பாவம்மா" என்றார் சல்லடை. போனை வைத்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஊர்ல எவன் புளுகினாலும் உங்களுக்கு மூக்குல வேர்க்குது. இங்க மட்டும் வாயத் தொறக்க மாட்டீங்களே."

"ஒடைஞ்ச எலும்பு பக்கம் மாறுறது உண்டு."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

"பூனை டாக்டர்."

மகள் அறையின் மின்விசிறியை வாரம் ஒருமுறை துடைத்து, ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவார். சும்மா கிடந்தால் கெட்டுவிடுமாம். இது எந்த வகைக் கதை என்று அவர் பகுக்கவில்லை.

போன ஞாயிறு கேட்டார். "இந்த லீவுக்கு எப்பம்மா வர்றே?"

"வரலப்பா."

காத்திருந்தார். டிக்கெட் வரவில்லை, அலமாரி வரவில்லை, பூனையும் வரவில்லை. இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான வாக்குமூலம் அவரிடம் வந்ததில்லை. சமையலறை வாசலில் மனைவி கரண்டியோடு நின்றாள்.

சல்லடை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்மா, அந்தப் பூனைக்குக் கால் இன்னும் சரியாகலையா?"



"இல்லப்பா. அது... மறுபடியும் விழுந்துடுச்சு."

"எங்கேர்ந்து?"

"ஜன்னல்லேர்ந்து."

"எந்தக் கால்?" என்று கேட்டவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மெதுவா சொல்லும்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."