பிறந்த வீட்டுக் கோடி

அப்பத்தாவுக்கு முறை தவறினால் சோறு இறங்காது. கல்யாணமோ காதுகுத்தோ, வீட்டுப் படியேறி வந்து வாயால் கூப்பிட்டால்தான் போவாள். போனில் அழைத்தவர்களிடம், "சரிப்பா, நானும் போன்லயே சாப்பிட்டுக்கிர்றேன்" என்று சொல்லி வைத்துவிடுவாள். அவளுடைய பேத்தி நான். எனக்கும் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும்.

அவள் பிறந்தது ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், கண்மாய்த் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். வாழ்க்கைப்பட்டு வந்தது ராமேஸ்வரம் தீவில் இருக்கும் அக்காள்மடத்துக்கு. கடைசிவரை இதைத் தன் ஊர் என்று அவள் ஒப்புக்கொள்ளவே இல்லை. "இதெல்லாம் ஒரு மண்ணா? நாலு கத்திரிச்செடி நிக்க மாட்டேங்குது" என்பாள். ராமநாதபுரத்துக்கு நான் படிக்கப் போன நாட்களில் தினமும் கூடவே பஸ் நிறுத்தத்துக்கு வருவாள். கண்டக்டரோடு மல்லுக்கட்டி எனக்கு ஒரு சீட் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவாள். பஸ்ஸே சிரிக்கும். எனக்கு மானம் போகும். இப்போது வேலைக்குப் போகும்போது நின்றுகொண்டே பாலத்தைக் கடக்கிற நாட்களில் அவள் ஞாபகம்தான் வருகிறது.

அவளுடைய அண்ணன் மகன் கல்யாணத்தில்தான் வினை வந்தது. அத்தைக்காரியை நேரில் வந்து அழைக்காமல், பத்திரிகையைக் கருவாட்டு வியாபாரி ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள். "கருவாட்டோட கருவாடா வந்துச்சு எனக்கு அழைப்பு" என்று அப்பத்தா போகவில்லை. அத்தை வந்து நிற்காத கல்யாணம் ஆகிவிட்டதே என்று அங்கே அண்ணன் மனைவியான மதினிக்குக் கோபம். அண்ணன் இறந்தபிறகும் மதினியும் நாத்தனாரும் முகம் பார்க்கவில்லை. அப்பத்தா மட்டும் காலையில் எழுந்ததும் மதினியை ஒரு பாட்டம் வைதுவிட்டுத்தான் வாசல் தெளிப்பாள்.

இத்தனை வீம்புக்கும் அடியில் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. எங்கள் பக்கம் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வரவேண்டும். அதைத்தான் கோடி என்போம். அதைப் போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். கோடி வராதவள் நாதியற்றுப் போனவள்.

"எனக்குக் கோடி எங்கேருந்து வரப்போகுதுத்தா" என்பாள்.

"வராம எங்க போகும்?"

"மதினிக்காரி கொண்டார மாட்டா. ஆனா அது வராம என்னையத் தூக்கிறாதீக."

போன மாசியில், விடிந்த கொஞ்ச நேரத்தில், தூக்கத்திலேயே போய்விட்டாள். அவள் மகனான என் அய்யா முதல் போனை அவள் பிறந்த வீட்டு ஆட்களுக்குத்தான் போட்டார். சென்னையில் இருந்த அண்ணன் மகன், "வாரோம் மச்சான்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் போனை யாரும் எடுக்கவே இல்லை.

மதியம் ஆனது. பாலத்தில் வண்டிகள் நிற்கின்றன என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்து டீ குடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். கடைசியில் அய்யா என்னைத் தனியாக அழைத்தார். "கடையில ஒரு சீலை வாங்கிட்டு வாத்தா. அவுக வீட்டுப் பேரைச் சொல்லிப் போத்திருவோம்" என்றார். என் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. செத்தபிறகும் வஞ்சம் தீர்க்கிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தங்கச்சிமடத்துக் கடைக்குப் போக பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அங்கே பெஞ்சில், மடியில் மஞ்சள் பையோடு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். ஊர் உலகமெல்லாம் கோயிலுக்கு வருகிற தீவில் அப்படி உட்கார்ந்திருப்பவர்களை யாரும் ஏனென்று கேட்பதில்லை. டீக்கடைக்காரர் மட்டும், "ராமேஸ்வரம் பஸ் வந்துருச்சு, ஏறுங்கம்மா" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அந்த அம்மா என்னைக் கேட்டார். "ஏத்தா, அந்தக் கேத வீட்டு மேளம் ஏன் இன்னும் இங்கன வரல?"

"இங்க எதுக்கு வரணும்?" வெடுக்கென்றுதான் கேட்டேன்.

"பொறந்த வீட்டுக் கோடி தானா நடந்து போகுமா? மேளத்தோட வந்து கூட்டிட்டுப் போறதுதான முறை."

அப்பத்தாவின் மதினி இவர்தான் என்று அப்போதுதான் புரிந்தது. முறை அதுதான். கோடிக்காரர்கள் கூட்டமாக வந்து ஊர் எல்லையில் வெடி போடுவார்கள். சத்தம் கேட்டு மேளம் போய் அழைத்து வரும். மகன் சொன்ன தகவலில் இவர் ஊரிலிருந்து தனியாக பஸ்ஸில் வந்திருந்தார். வெடியும் இல்லை, போனும் இல்லை. மகன் இன்னும் சென்னையிலிருந்து வரும் வழியில் இருந்தார். எங்கள் வீட்டு மேளம் காதில் விழுகிற தூரத்தில் இவர் அழைப்புக்குக் காத்திருக்க, நாங்கள் வீட்டுக்குள் இருந்துகொண்டு இவரைத் திட்டித் தீர்த்திருக்கிறோம். வீம்பில் மதினியும் நாத்தனாரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

அய்யாவுக்குப் போன் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னையப் பத்தி ஏதாச்சும் பேசுவாளா?" என்று கேட்டார்.

"தெனமும் பேசும்."

"என்னன்னு?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "வஞ்சுக்கிட்டே இருக்கும்."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "நானுந்தான். அவளை ஒரு வாட்டி வையாம எனக்குப் பொழுதே விடியாது" என்றார்.

மேளம் வந்தது. அய்யா இரண்டு கையையும் கூப்பி அவரை அழைத்தார். தாம்பாளத்தில் சேலையை ஏந்திக்கொண்டு அந்தம்மா நிமிர்ந்து நடந்தார். வீட்டில் அப்பத்தாவைப் பாடையில் கிடத்தியிருந்தார்கள். கால் முதல் கழுத்து வரை சேலையைப் போர்த்தி, சுருக்கம் நீவிவிட்டு, நாத்தனாரின் மோவாயைப் பிடித்துக்கொண்டார்.

"கோடி வந்துருச்சுடி. இனிமே நான் யாரை வைவேன்?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பொழுது இறங்கிக்கொண்டிருந்ததால் அய்யா ஆட்களுக்குச் சைகை காட்டினார். நாலு பேர் குனிந்தார்கள். அந்தம்மா வருவதற்காகத்தான் காலையிலிருந்து தூக்காமல் வைத்திருந்தோம். அவரோ கையை நீட்டி அவர்களைத் தடுத்தார்.

"தூக்காதீக. இன்னும் செத்த நேரம் கெடக்கட்டும்" என்றார்.