ஓங்கலைச் சரிசெய்தவள்

கீதாவின் கண்ணுக்குத் தப்பிய பிழை கருமத்தம்பட்டியிலேயே கிடையாது என்று அவள் வேலை பார்க்கும் தறிக்கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைப் பெரும்பாலும் கீதாவேதான் சொல்வாள். ஆனாலும் அது பொய்யில்லை. துணி செக்கிங்கில் அவளுக்குப் பதினொரு வருஷம். அடியில் டியூப்லைட் எரிகிற கண்ணாடி மேஜை மேல் துணி நகர்ந்துகொண்டே இருக்கும். இழை அறுந்த இடம், முடிச்சு, எண்ணெய்க் கறை, இரண்டு இழை ஒட்டிக்கொண்டு ஒன்றாக ஓடிய இடம் என்று எதுவானாலும் சிவப்புச் சாக்கால் ஒரு வட்டம் போடுவாள். பக்கத்து மேஜைக்காரி பார்த்து முடித்த துணியைக்கூட ஓரக்கண்ணால் பார்த்துப் போகிற போக்கில் ஒரு வட்டம் போட்டுவிட்டு, பிறகு அவளிடம் பேச்சு வாங்குவாள்.

படிப்பு பத்தாவதோடு நின்றது. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். தங்கை லோகப்பிரியாவைப் பற்றி என்றால் டீ நேரம் முழுக்கப் பேசுவாள். லோகப்பிரியா பன்னிரண்டாவது, ஜியாகரபி குரூப். அது என்ன படிப்பு என்று யாராவது கேட்டுவிட்டால் போதும்.

"ஜியாகரபின்னா லேசா நெனச்சுபோடாதீங்க. மலை, ஆறு, மழை, ஜனத்தொகை, சேட்டிலைட்டு வரைக்கும் இருக்குது. கோயமுத்தூர் கவர்மென்ட் காலேஜில இதுக்கு இருக்கறதே கொஞ்சம் சீட்டு. என்ற தங்கச்சி அதுல ஒண்ணு வாங்கிருவா."

அந்தச் சீட்டுக்காகத்தான் இவ்வளவும். தனியார் கல்லூரி என்ற பேச்சே அந்த வீட்டில் எடுக்க முடியாது. அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு ஷிப்டில் மில்லுக்குப் போகிறவர்கள். ஆகையால் தங்கையைத் தேர்வுக்குத் தயார் செய்யும் பொறுப்பைக் கீதா தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவளை யாரும் கேட்கவில்லை என்று லோகப்பிரியா அடிக்கடி ஞாபகப்படுத்துவாள்.

தினமும் சாயங்காலம் ஆறரைக்கு கீதா புத்தகத்தை மடியில் விரித்து, ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். லோகப்பிரியா எதிரே உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

"இடப்பெயர்வு. சொல்லு."

"வேலை, படிப்பு, கல்யாணம் இந்த மாதிரி காரணத்துக்காக ஜனங்க ஒரு ஊரை விட்டு இன்னொரு ஊருக்குப் போய்த் தங்கறது. இப்ப நம்ம தறிக்கு ஒடிசாவில இருந்து வந்திருக்காங்கல்ல, அதேதான்."

ஸ்கேல் நகரவில்லை. "புத்தகத்துல மக்கள்னு இருக்குது. நீ ஜனங்கங்கறே."

"ரெண்டும் ஒண்ணுதானக்கா."

"மார்க் போடறவரு ஒத்துக்கோணுமல்ல?"

"அவரும் ஜனத்துல ஒருத்தருதான. ஒத்துக்குவாரு."

"வாய் மட்டும் இல்லீன்னா உன்னைய நாய் தூக்கீட்டுப் போயிரும். ஒடிசாவெல்லாம் எழுதி வெக்காத. மறுக்காச் சொல்லு."

மறுக்காச் சொல்லும்போது வேறு ஒரு வார்த்தை மாறும். கீதா மறுபடி நிறுத்துவாள். அப்படி ஒரு விடைக்கு நாலு தடவை, ஒரு நாளைக்கு மூணே விடை. முடிவில் லோகப்பிரியா எழுந்து போய் மோட்டார் போடுகிறேன், துணி எடுக்கிறேன் என்று ஏதாவது வேலையைத் தேடிக்கொள்வாள். கீதா விரித்த புத்தகத்தோடு தனியே உட்கார்ந்திருப்பாள். சொந்த வார்த்தையில் எழுதச் சொல்லி டீச்சரே சொன்னதாகத் தங்கை சொல்வதைக் கீதா ஒரு நாளும் நம்பியதில்லை. துணிக்கு அளவு என்றால் அளவுதான். கிட்டத்தட்ட என்று ஒரு அளவு எந்த ஊரில் இருக்கிறது?

பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வந்தது. அதற்கு ரெக்கார்டு நோட்டு வைக்க வேண்டும். வருஷம் முழுக்க வரைந்த வரைபடங்கள் எல்லாம் அதில் இருக்கும், ஒவ்வொரு பக்கத்திலும் டீச்சரின் கையெழுத்தும் தேதியும். வெளியூர் பள்ளியிலிருந்து வரும் தேர்வாளர் அதைப் பார்த்துத்தான் மார்க் போடுவார். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குத் தேர்வு.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வாக்கில் லோகப்பிரியா எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிக்கப் போனாள். கீதா நோட்டுக்குப் புது அட்டை போட எடுத்தாள். பழுப்புக் காகிதத்தை மடித்து, மூலையை ஒட்டி, பெயரை எழுதினாள். எழுதிவிட்டு வைத்திருக்கலாம். பழக்க தோஷம், ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள்.

பதினேழாம் பக்கத்தில் கை நின்றது.

வளைந்து வளைந்து போகும் கோடுகள். ஒவ்வொன்றிலும் சின்னதாக எண்: 300, 400, 500 என்று. இடது பக்கம் கோடுகள் அழகாகத் தள்ளித்தள்ளி வந்தன. வலது பக்கம் வந்ததும் ஐந்து கோடுகள் நெருங்கி, நெருங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒரே தடித்த கோடாக இரண்டு அங்குலம் ஓடி, பிறகு பிரிந்தன.

கீதாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இழை ஒட்டி ஓடியிருக்கிறது! ஒன்றல்ல, இரண்டல்ல, ஐந்து. துணியாக இருந்தால் அந்த மீட்டரையே கழித்துவிட வேண்டியதுதான். செல்போனைப் பார்த்துக்கொண்டே வரைந்திருப்பாள் கழுதை. டீச்சரம்மாவும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நாளைக்கு வெளியூர்க்காரர் பார்க்காமல் விடுவாரா?

கேட்டால் சண்டை வரும். சண்டை வந்தால் இன்றைக்குப் படிப்பு கெடும். நானே செய்துபோட்டால் என்ன என்று நினைத்தாள். நல்ல வெள்ளை ரப்பரால் அந்த இரண்டு அங்குலத்தை மெதுவாக அழித்தாள். ஒரு இடத்தில் அழுக்கு நிற்க, அங்கே மட்டும் இரண்டாம் தடவை அழித்தாள். பிறகு ஸ்கேல் வைத்து மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் புள்ளி குத்தி, தன்னுடைய மெத்தென்ற பென்சிலால் ஐந்து கோடுகளையும் இழுத்தாள். தறிப் பாவில் ஓடும் இழை மாதிரி ஐந்தும் தொடாமல், விலகாமல் போயின. முக்கால் மணி நேரம் ஆயிற்று. பத்தாவதுக்குப் பிறகு பள்ளிக்கூட நோட்டில் அவள் கை பட்டது அன்றைக்குத்தான்.

ஈரத்தலையில் துண்டோடு வந்த லோகப்பிரியாவிடம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "கண்ணு, பாத்தியா? ஒழுங்கா வரஞ்சா எப்படி இருக்குதுன்னு பாரு."

லோகப்பிரியா பார்த்தாள். துண்டு தலையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கவில்லை.

"ஓங்கல் எங்க?"

"எது?"

"ஓங்கல்க்கா! சுவராட்ட நட்டமா நிக்கற பாறை. இங்க இருந்துச்சே. என்ன பண்ணித் தொலைச்சே?"

"கோடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடந்துச்சு. அதான்..."

"ஏறித்தான் கெடக்கும்! ஒரு கோடுங்கறது ஒரே ஒசரத்துல இருக்கற எடமெல்லாம். தள்ளித்தள்ளி இருந்தா சரிவு லேசு. கிட்டக் கிட்ட வந்தா செங்குத்து. நட்டமா நின்னா மேல இருக்கற கோடும் கீழ இருக்கற கோடும் ஒரே எடத்துலதான் வரும். இப்ப நீ அந்தப் பாறையைத் தேச்சு, மாட்டு வண்டி போறாப்பல பாதை போட்டு வெச்சிருக்கறே. கீழ பாரு, இந்த மலையைக் குறுக்கால வெட்டுன படம். கீழ பாறை நட்டமா நிக்குது. மேல படுத்துக் கெடக்குது. பாக்கறவரு சிரிக்க மாட்டாரா?"

கீழே அந்தப் படம் இருந்தது. கீதா முன்பே அதைப் பார்த்திருந்தாள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"கூடப் படிக்கறவங்க கிட்ட போட்டோ அனுப்பச் சொல்லு, அம்மணி."

"ஒவ்வொரு ரோல் நம்பருக்கும் ஒவ்வொரு மலை. காப்பியடிக்கக் கூடாதுன்னு மிஸ் மாதிரிப் படத்தைத் தனித்தனியாக் குடுத்து, திரும்ப வாங்கீட்டாங்க. வேற பக்கத்துல வரைஞ்சா கையெழுத்து கெடையாது." அழுகை வந்துவிட்டது. "பத்தாவதோட நின்னவளுக்கு இந்த நோட்டுல என்ன வேலை? உன்னைய யாரு கேட்டா?"

சமையலறையில் தாளிக்கும் சத்தம் நின்றது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கீதாவுக்குக் கோபம்தான் வந்தது. தங்கை மேல், கண்டபடி நிற்கிற அந்தப் பாறை மேல், இரண்டாம் தடவை அழித்த தன் கை மேல். நோட்டை ஜன்னலுக்கு நேராகத் தூக்கினாள். தன் கோடுகளுக்கு நடுவே காகிதத்தில் நூல் போல ஒரு பள்ளம் தெரிந்த மாதிரி இருந்தது. திருப்பினால் காணவில்லை.

"நீ எந்தப் பென்சில்ல வரஞ்சே?"

"டூ ஹெச். கெட்டிப் பென்சில். எதுக்கு?"

"தலையைத் தொவட்டீட்டு வண்டியில ஏறு."

தறிக்கூடத்துச் சாவி மேஸ்திரி பாலுசாமியிடம். அவர் வீடும் அதே காம்பவுண்டில்தான். பனியனோடு வெளியே வந்தார்.

"ஏனம்மணி, ஞாயித்துக்கெழமையுமா செக்கிங்கு? மொதலாளி கண்டா எனக்குமில்ல லீவு போயிரும்."

"ஒரு அரை மணி நேரமுங்ணா. துணி இல்லீங், நோட்டு."

"நோட்டையுமா உடமாட்டீங்கறே?" என்று முனகிக்கொண்டே திறந்துவிட்டார்.

கண்ணாடி மேஜையில் விளக்கைப் போட்டு, நோட்டின் அந்த ஒரு தாளை மட்டும் அதன் மேல் விரித்தாள் கீதா. பக்கத்தின் பின்புறம் எழுதியிருந்த பேனா எழுத்தெல்லாம் மேலே ஏறி வந்து, கோடும் எழுத்தும் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. லோகப்பிரியா ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சைக் கேட்பதற்குப் பதில் அவளிடம் இரண்டு அறை வாங்கியிருக்கலாம் என்று கீதாவுக்கு இருந்தது.

விளக்கை அணைத்தாள். போய் மேற்குப் பக்கத்து ஷட்டரை முக்கால்வாசி தூக்கினாள். சாயங்கால ஷிப்டில் செக்கிங்காரிகள் எல்லோரும் திட்டுகிற வெயில் அது. மேஜை மேல் படுத்த மாதிரி வரும். அந்த வெயில் விழுந்தால் டியூப்லைட்டில் தெரியாத முடிச்செல்லாம் துணியில் நிழலோடு எழுந்து நின்று, வேலை இரட்டிப்பாகும். மூடச் சொல்லி முதலில் கத்துகிறவளும் கீதாதான்.

"இப்ப என்ற கோட்டை மட்டும் அழி. மெதுவா. மெத்துனு இருக்கற பென்சில்தான், அழுத்தித் தேய்க்காமலே போயிரும்."

கீதாவின் ஐந்து கோடுகளும் போயின. வெயில் காகிதத்தின் மேல் வழிந்தது. அதில் மயிரிழை மயிரிழையாக நிழல் தெரிந்தது. கெட்டிப் பென்சில் அழுத்திய பள்ளங்கள், ஒன்றை ஒன்று நெருங்கி, கடைசியில் ஒரே பள்ளமாக.

"அக்கா!" என்றாள் லோகப்பிரியா.

"என்னைய என்ன பாக்கறே? வெயில் போறதுக்குள்ள வரை."

லோகப்பிரியா குனிந்து பள்ளத்தின் மேலேயே பென்சிலை ஓட்டினாள். கீதா இரண்டு கையாலும் நோட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் பட்டதை மட்டும் சொன்னாள். "அங்க கொஞ்சம் மேல. இல்ல, நிழல் இந்தப் பக்கம். ஆமா." கோடுகள் தொட்டுக்கொண்டு ஏறும்போது வட்டம் போடச் சொன்னது பதினொரு வருஷப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டாம் தடவை அழித்த இடம் வந்தது. அங்கே காகிதம் பஞ்சு மாதிரி எழும்பியிருந்தது. பள்ளம் இல்லை. கீதா நோட்டை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். ஒன்றுமில்லை.

லோகப்பிரியா கீழே இருந்த படத்தையும் மேலே இருந்த கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். விரலால் அளந்தாள். பென்சிலை வைத்தாள்.

"ஏ, நில்லு. அங்க எப்படி இருந்துச்சுன்னு உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா பாறை இதுவரைக்கும் நட்டமா வந்துட்டு இங்க மட்டும் படுக்காது. கீழ படமும் அதைத்தான் சொல்லுது."

"கிட்டத்தட்டத்தான?"

"கிட்டத்தட்டத்தான்."

கீதாவின் வாயில் வார்த்தை வந்து நின்றது. வெயில் மேஜை ஓரத்துக்கு நகர்ந்துவிட்டிருந்தது. நோட்டைப் பிடித்திருந்த கையை அவள் எடுக்கவில்லை. லோகப்பிரியா கோட்டை இழுத்து முடித்தாள்.

மறுநாள் காலை முழுக்கக் கீதாவின் மேஜையில் துணி ஓடியது, கண் ஓடவில்லை. ஒரு முடிச்சைப் பக்கத்து மேஜைக்காரி கண்டுபிடித்து, ஊரைக் கூட்டிச் சிரித்தாள். ஒன்றரை மணிக்குப் போன் வந்தது.

"என்னாச்சு? பதினேழாம் பக்கம் பாத்தாரா?"

"எல்லாத்தையும் ஒரு பொரட்டு பொரட்டுனாருக்கா. கேள்வியெல்லாம் ஜனத்தொகையில கேட்டாரு. நல்லாத்தான் சொன்னேன்."

"பதினேழு?"

"அதுல நிக்கவே இல்ல. அட்டை நல்லாப் போட்டிருக்கறேன்னாரு."

"நிக்கவே இல்லியா!" கீதா கத்தியதில் மேஜைக்காரிகள் எல்லோரும் திரும்பினார்கள். "அவரெல்லாம் என்ன செக்கிங் பண்றாரு? ஒரு மலையே மாறிப்போச்சு, அதைக்கூடப் பாக்காம? இவரையெல்லாம் யாரு வேலைக்கு வெச்சது?"

"நல்லதுதானக்கா, உடு."

"என்ன நல்லது!" என்று போனை வைத்தாள். கோபம் வேலை முடியும் வரை ஆறவில்லை.

எழுத்துத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அன்று சாயங்காலம் கீதா புத்தகத்தைத் தொடவில்லை. வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆறரைக்கு லோகப்பிரியா தானே புத்தகத்தையும் ஸ்கேலையும் கொண்டு வந்து அவள் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கேளு."

"நான் எதுக்கு? பத்தாவது ஆளு."

லோகப்பிரியா தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். "கேளுக்கா. நீ கேட்டாத்தான் மனசுல நிக்குது."

கீதா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தை விரித்தாள். ஸ்கேலை வைத்தாள். "மழை நீர் சேகரிப்பு."

லோகப்பிரியா சொன்னாள். முதல் வரியிலேயே இரண்டு வார்த்தை மாறியது. கீதாவின் விரல் ஸ்கேல் மேல் இறுகியது. மூன்றாம் வரியில் தங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டி உள்ளே வந்தது. புத்தகத்தில் அது எந்தப் பக்கத்திலும் இல்லை. கீதா வாயைத் திறந்து, மூடி, ஸ்கேலை ஒரு வரி கீழே நகர்த்தினாள். கடைசிவரை கேட்டாள்.

"சரியா?" என்றாள் லோகப்பிரியா.

"அர்த்தமெல்லாம் சரிதான்." கீதா புத்தகத்தை மறுபடி ஒரு முறை பார்த்தாள். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. "ஆனா ஒரு பாயின்ட்டை உட்டுட்டே."