ஜெயபால் சாரின் மேப்பில் எங்கள் வீடு

ஜெயபால் சார் இறந்துவிட்டார். காலையில் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன்... நெஞ்சு வலியாம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

அதற்குள் ஆளாளுக்குக் கை கூப்பிவிட்டார்கள். ‘மரக்காணம் பக்கத்துல முதன்முதலா ஜிபிஎஸ் வெச்சுப் பாடம் எடுத்த மனுஷன்’ என்று ஒருத்தன் எழுதியிருக்கிறான். உண்மைதான். அந்த ஜிபிஎஸ்ஸைப் பிடித்த கை என்னுடையது.

நான் கை கூப்பவில்லை. செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று யாரும் கமெண்டில் வர வேண்டாம். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், நான் ஒன்பதாவது. எங்கள் குப்பத்தில் இடிந்த வீடுகளைச் சரிசெய்து கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் வந்திருந்தது.

அவர்களே பள்ளிக்கு இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு ஜிபிஎஸ் மெஷினும் கொடுத்தார்கள். பிள்ளைகளே அவரவர் ஊரை மேப் போடட்டும் என்று ஏற்பாடு... ஜியாகரபி எடுத்த ஜெயபால் சார்தான் பொறுப்பு.

அந்த மெஷின் மஞ்சள் கலரில், சோப்பு டப்பா அளவு இருக்கும். அத்தனை பையன்கள் கை நீட்டியும் சார் அதை என் கையில்தான் கொடுத்தார்.

“உங்க தெருவ நீயே எடும்மா. வெட்டவெளியில நில்லு, நாலு சாட்டிலைட்டு காட்டும். வீட்டுத் தலைவர்கிட்ட ஃபாரத்துல கையெழுத்து வாங்கு. வாங்கின எடத்துலயே பட்டன அமுக்கு.”

அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை... அதை மட்டும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

காலை நேரத்தில் எங்கள் ஊரில் எந்த வீட்டுத் தலைவர் வீட்டில் இருப்பார்? எல்லாரும் கரையில், அவரவர் படகுப் பக்கத்தில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் தெருவில் ஒன்பது வீடு. ஒன்பதுக்கும் கரையிலேயே கையெழுத்து வாங்கி, சார் சொன்னபடி அங்கேயே அமுக்கினேன். அப்பாவின் படகில் சாய்ந்துகொண்டு எங்கள் வீட்டையும் அமுக்கினேன்.

அடுத்த வாரம் கம்ப்யூட்டர் ரூம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனால், திரையில் எங்கள் தெருவின் ஒன்பது சிவப்புப் புள்ளியும் மணலில் கிடக்கிறது.

“சார், எங்க வீடு இங்க இல்ல சார். இது படகு நிக்கிற எடம்.”

“சாட்டிலைட்டு பொய் சொல்லாதும்மா. உக்காரு.”

உட்கார்ந்தேன். நான் செய்த தப்பு அதுதான்.

அந்த மேப் பெரிதாக பிரின்ட் ஆகி ஹெட்மாஸ்டர் ரூமில் தொங்கியது. நிறுவனமும் அதையே வைத்துக்கொண்டது. கடலில் இருந்து இருநூறு மீட்டருக்குள் இருக்கும் வீட்டில் அவர்கள் கை வைக்கக் கூடாது, விதி அப்படி. ரோட்டுக்கு மேற்கே, உப்பளத்தை ஒட்டிக் கட்டும் காலனிக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் ஒன்பது வீடும் இருநூறுக்குள் என்றார்கள். நேரில் வந்தவர்களும் மேப்பைப் பார்த்தார்களே தவிர, வீட்டைப் பார்க்கவில்லை.

அப்பா வலைக் கயிற்றைப் பிடித்து அளந்தே பார்த்தார். இருநூறைத் தாண்டித்தான் இருந்தது.

“சாரு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா போதும். புள்ளி மாறிடுச்சின்னு. அவரு நல்லவரு, எழுதுவாரு” என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் பிரம்மதேசத்தில் இருந்த சார் வீட்டுக்குப் போனோம். அப்பா கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு பை சங்கரா மீன்.

சார் ஜன்னலில் இருந்தே பார்த்தார். “எதா இருந்தாலும் ஸ்கூல்ல வந்து பேசுங்க.” அவர் மனைவி வெளியே வந்து பையை வாங்கிக்கொண்டார்.

மீன் உள்ளே போனது. நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்றோம். சார் மனசு மாறி வருவார் என்று அப்பா ரொம்ப நேரம் வெயிலில் நின்றார்.

மறுநாள் ஸ்கூலுக்கும் வந்து கேட்டார். சார் அந்த மேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார், சென்னையில் ஏதோ கருத்தரங்குக்கு எடுத்துப் போக.

“இந்த நேரத்துல மேப்பு தப்புன்னு எழுதுனா ஸ்கூல் பேரு என்னாவறது? ஏம்பா, பட்டன அமுக்குனது உம் பொண்ணுதானே. அவளக் கேளு.”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். இன்று வரைக்கும் அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அன்றைக்குப் பார்த்த பார்வையை நான் மறக்கவும் இல்லை.

ஒன்பது வீடும் காலனிக்குப் போனது. வாசலில் நின்றபடியே கடலைப் பார்த்து, இன்றைக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்த அப்பா... அதற்காகத் தினமும் சைக்கிள் மிதித்தார்.

பக்கத்து வீட்டுக் குப்பு அத்தை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டார். “மெஷின்காரி வர்றா, ஒதுங்குங்கடி. எதையாச்சும் அமுக்கிடப் போறா.”

முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்புறம் சிரிக்கவில்லை. கல்யாணமாகிப் பெரிய முதலியார்சாவடிக்கு வரும்வரை எனக்கு அதுதான் பெயர்.

சார் சென்னையில் இருந்து கேடயத்தோடு திரும்பி வந்தார். பிரேயரில் எல்லாரையும் கை தட்டச் சொன்னார்கள். நானும் தட்டினேன்... அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சற்று முன் அப்பாவுக்கு போன் செய்து சொன்னேன்.

“எந்த சாரு?”

“ஜியாகரபி சாருப்பா. பிரம்மதேசம்.”

“நீ போறியா?” என்றார்.

“இல்லப்பா.”

“சரி” என்று வைத்துவிட்டார்.

குரூப்பில் சார் வீட்டு லொகேஷன் போட்டிருக்கிறார்கள். எனக்கு அது தேவையில்லை. அந்த கேட் வரைக்கும் வழி தெரியும்.

சார், பட்டனை அமுக்கியது நான்தான். எங்கே நின்று அமுக்க வேண்டும் என்று சொன்னது நீங்கள்.

போய் வாருங்கள்.