எண்ணெய்க் கை

மனைவி வீட்டார் அவருக்கு வைத்திருந்த பெயர் சோப்பு. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அடுத்த அறையிலிருந்து "சோப்பு வந்தாச்சா?" என்று கேட்கும் குரல் அவர் காதில் விழாமல் போனதும் இல்லை. அவர் பொருட்படுத்தவில்லை. மனிதர்கள் கழுவாத கையோடு உலகத்தைத் தொட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் முடிவு. அப்படிப்பட்டவர்கள் வைக்கிற பெயரில் என்ன வந்துவிடப் போகிறது?

வேலை ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில். காலையிலிருந்து மாலைவரை ஊராருடைய ரத்தம், சிறுநீர், சளி, மலம். எதுவும் அவருக்கு அருவருப்பில்லை. எல்லாம் மூடி போட்ட குப்பிகளில், பெயர் ஒட்டி, வரிசையாக நிற்கும். இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும்வரை எதுவும் அசிங்கமில்லை. வீட்டுக்கு வந்து, தண்ணீர்க் குவளையின் விளிம்பில் யாரோ விட்டுப்போன உதட்டு ஈரத்தைப் பார்த்தால்தான் அவர் குவளையோடு எழுந்து தொட்டிக்கு ஓடுவார்.

வீட்டின் கடைசி அறையில், நீளச் சுவரை ஒட்டி, மார்பளவு உயரத்தில் ஒரு பலகை ஓடியது. அதன்மேல் ஒரு பிரிட்டிஷ் கிராமத்து ரயில் நிலையம். ஒரே நடைமேடை, செங்கல்லில் சரக்குக் கொட்டகை, படிக்கட்டு வைத்த சிக்னல் அறை, வேலிக்கு அந்தப் பக்கம் ஏழெட்டு ஆடுகள். எல்லாம் அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் பிசினிலும் அவரே செய்தவை. என்ஜின் மட்டும் விலைக்கு வாங்கியது. பச்சை நிறத்தில், உள்ளங்கையில் அடங்கும். அந்த நாட்டுக்கு அவர் போனதில்லை. போகும் ஆசையும் இல்லை. போனால் அங்கேயும் மனிதர்கள் இருப்பார்கள்.

பிரிட்டிஷ் பாணி அவருக்குப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. மற்ற நாட்டுக்காரர்கள் பலர் ரயிலை வட்டமாகச் சுற்றவிட்டுக் கைதட்டுகிறார்கள். இவர்களோ ஒரு சின்ன நிலையத்தை மட்டும் காட்டுகிறார்கள். ரயில் ஒரு பாலத்துக்கு அடியில் புகுந்து தடுப்புப் பலகைக்குப் பின்னால் மறைந்துவிடும். மிச்ச உலகம் முழுவதும் அந்தப் பலகைக்குப் பின்னால் இருப்பதாகப் பாவனை. உண்மையில் அங்கே இருப்பது வெறும் தண்டவாளங்களும் ஒரு நாற்காலியும். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆள், வந்த ரயிலின் பெட்டிகளைக் கையாலேயே எடுத்து, மாற்றிக் கோத்து, அடுத்த ரயிலாகத் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் மனைவி அந்த இடத்துக்குப் பின்கட்டு என்று பெயர் வைத்தாள். அதுவே நிலைத்துவிட்டது.

ஆக, இந்த ரயிலை ஓட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அதனால் இரு பக்கமும் ஒரு பொத்தான், ஒரு மின்சார மணி. ஒரு தட்டு தட்டினால் 'கவனி' என்று அர்த்தம். எதிர்ப்பக்கமும் ஒன்று தட்டிப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு தட்டினால் ரயில் கிளம்பிவிட்டது. இரண்டு தட்டி, நிறுத்தி, ஒன்று தட்டினால் வந்து சேர்ந்தது. ஆறு தட்டினால் ஆபத்து, எல்லாவற்றையும் நிறுத்து.

இந்தச் சங்கேதங்களைத் தப்பில்லாமல் கற்றுக்கொண்ட ஒரே மனிதன் அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. அவருடைய துரதிருஷ்டம் அது.

மச்சினனுக்கு மெத்தைக் கடையில் வேலை. வேலை நேரத்தில் படுத்துக் காட்டச் சம்பளம் வாங்குகிறவன். கை ஓய்ந்திருந்தால் வாய் ஓயாது. உருளைக்கிழங்கு சிப்ஸ் பொட்டலம் இல்லாமல் அவனைப் பார்ப்பது கஷ்டம். தின்றுவிட்டு விரல்களை ஒவ்வொன்றாக நக்குவான், பிறகு ரயில் பெட்டியை எடுப்பான். பெட்டியின் ஜன்னல் கண்ணாடியில் அவன் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கும். அதைப் பார்த்ததும் இவர் கை துணியைத் தேடும். அருவருப்பை நியாயப்படுத்தக் காரணமும் இருந்தது. என்ஜினுக்கு வேண்டிய மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரத்துக்கு ஏறுகிறது. இடையில் துளி கொழுப்புப் படலம் இருந்தாலும் ரயில் திக்கும், திணறும், நின்றுவிடும். ஓட்டி முடித்த பிறகு அவர் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் பின்கட்டு முழுவதையும் துடைப்பார், நாற்காலியின் கைப்பிடி உட்பட.

ஆறு தட்டை ரயிலுக்குச் சம்பந்தமில்லாத ஆபத்துக்கும் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தவனும் மச்சினன்தான். பின்கட்டிலிருந்து பார்த்தால் நடைவழி தெரியும். அக்கா கோபமாக வருவது தெரிந்தால் ஆறு தட்டுவான். பால் வாங்க மறந்த மாலைகளில் அது அவருக்கு உதவியது. அதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

மச்சினனுக்குப் பெண் கொடுக்க இருந்தவர்கள் ஒரு நாள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ரயிலைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். எல்லோரும் அறையில் கூடி நின்றபோது, அவர் பரிசோதனைக்கூடத்துக் கையுறைப் பெட்டியை மச்சினனிடம் நீட்டினார்.

"போட்டுக்கிட்டு தொடுப்பா. நீ தொட்டா ஓட மாட்டேங்குது."

மச்சினன் கையுறையைப் போட்டுக்கொண்டான். அதே கையுறையோடு சிப்ஸ் தின்று காட்டினான். பெண்ணின் அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். மச்சினனும் சிரித்தான், காது மட்டும் சிவந்திருந்தது. கல்யாணம் நடந்தது. அவன் மட்டும் அதற்குப் பிறகு அந்த அறைக்கு வரவில்லை.

அவர் மனைவி அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை என் தம்பியை நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தினீங்க, அவன் இந்த ரூம் வாசல்ல கால் வைக்க மாட்டான். நானே வைக்க விடமாட்டேன். ரெண்டு பக்கமும் நீங்களே ஓடி ஓடி ஓட்டிக்கங்க."

மாதிரி ரயில் சங்கத்துக்காரர்கள் நகர மண்டபத்தில் நடத்தும் கண்காட்சிக்கு அவருடைய நிலையத்தை அழைத்தது அதற்குப் பின்னால்தான். அதற்காகவே பல வருஷம் காத்திருந்தவர் அவர். வேறு வழியில்லாமல் மெத்தைக் கடைக்குப் போனார்.

"வாங்க மாமா, உக்காருங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். உட்கார மெத்தைகள்தான் இருந்தன.

"நின்னுக்கிறேன்."

"எல்லாம் கவர் போட்டது மாமா."

"கவர் மேல யார் யாரெல்லாம் படுத்தாங்களோ."

"முக்காவாசி நான்தான்."

அது அவருக்கு ஆறுதலாக இல்லை. விஷயத்தைச் சொன்னார். மச்சினன் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்: "கையுறை நான் கொண்டுவரணுமா, நீங்களே தந்துடுவீங்களா?"

"கை கழுவினா போதும்."

"அட, மன்னிப்புக் கேக்குறீங்களா மாமா?"

"கை கழுவினா போதும்னு சொன்னேன்."

"உங்க பாஷையில அது மன்னிப்புதான். வர்றேன், விடுங்க. நாள் பூரா பல்லைக் காட்டிக்கிட்டே நிக்கிறவன் நான். அந்தப் பலகைக்குப் பின்னால யாரும் என் மூஞ்சியைப் பாக்கறதில்ல பாருங்க, அது ஒரு சொகம்."

கண்காட்சி மண்டபம் அவர் பயந்ததைவிட மோசமாக இருந்தது. தூசு, வியர்வை, ஈரக் குடை. காலையில் கதவு திறப்பதற்கு முன் என்ஜினை ஓட்டிப் பார்த்தபோது மெல்லக் கிரீச்சிட்டது. வீட்டில் கிளம்பும்போதே அதற்கு எண்ணெய் விட்டாயிற்று. ஊசி முனையில் எடுத்து, அச்சுக்கு ஒரு பொட்டு. அதற்கு மேல் கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் பதற்றம். எண்ணெய்க் குப்பியையே சாய்த்து இன்னொரு முறை விட்டார். சத்தம் அடங்கியது.

பிறகு மனிதர்கள் வந்தார்கள். மிட்டாய் ஒட்டிய விரலால் ஆட்டைத் தொட்டுப் பார்த்த குழந்தை. மூக்கைச் சிந்திய கையை அப்படியே பலகை விளிம்பில் ஊன்றி நின்ற பெரியவர். "எப்ப சார் மோதும்?" என்று ஆவலாகக் கேட்ட இளைஞன். மோதாது என்றதும் அவன் நகர்ந்துவிட்டான். ஒரு ரயில் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போவதைப் பார்க்க இவர்களில் ஒருவருக்கும் பொறுமை இல்லை. அழிவைக் காட்டினால் டிக்கெட் வாங்கி வருவார்கள். அவர் ஒவ்வொரு முகத்தையும் குப்பியில் அடைத்து மூடி போட்டுவிட விரும்பினார்.

மதியத்துக்கு மேல் ரயில் திக்கத் தொடங்கியது. முதலில் பாலத்தருகே. பிறகு நடைமேடையில். கடைசியில் பால் வண்டிகளை இழுத்து வந்த என்ஜின் சிக்னல் அறைக்கு முன்னால் நின்றே போயிற்று. அவர் விரலால் தள்ளிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"கையாலதான் தள்ளணுமா சார்?"

அவர் பலகையைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். மச்சினன் மடியில் சிப்ஸ் பொட்டலம். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உப்பும் தூளும்.

"கை கழுவுன்னு ஒண்ணே ஒண்ணுதானே சொன்னேன்?"

"கழுவிட்டுத்தான் மாமா..."

"நக்குறதுக்குப் பேரு கழுவறதா? என்ன ஜென்மம் நீ! தொட்டதெல்லாம் நாசம். போடா வெளியே!"

இத்தனை வருஷத்தில் அவர் மச்சினனை 'டா' போட்டதில்லை. மரியாதையால் அல்ல, நெருக்கம் வேண்டாம் என்பதற்காக. இப்போது மண்டபத்தின் பாதி திரும்பிப் பார்த்தது. மிட்டாய்க் குழந்தைகூட வாய் திறந்து பார்த்தது. மச்சினன் பொட்டலத்தை மடித்து நாற்காலிக்கு அடியில் வைத்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். எழுந்து போகவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

அவர் முன்பக்கம் திரும்பி வந்து, வெள்ளைத் துணியால் நடைமேடைத் தண்டவாளத்தைத் துடைத்தார். துணி கறுத்தது. அங்கே மச்சினன் கை எட்டாது என்பது அப்போதுதான் உறைத்தது. என்ஜினைக் கவிழ்த்துப் பார்த்தார். சக்கரங்களில் கருப்புக் களிம்பு. அச்சிலிருந்து ஒரு துளி திரண்டு, மின்விளக்கில் பளபளத்து, விழாமல் நின்றது. மூக்கருகே கொண்டுபோனார். முகர்ந்து தெரிந்துகொள்வது அவருக்குத் தொழில். சிப்ஸ் வாடை இல்லை. தையல் இயந்திர எண்ணெயின் மெல்லிய, சுத்தமான வாசனை. காலையில் அவர் சாய்த்துவிட்டது. அது வழிந்து சக்கரத்துக்கு வந்து, ஒவ்வொரு நடையிலும் ஓர் அங்குலம் விடாமல் தண்டவாளம் முழுக்க மெழுகி, மண்டபத்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது.

யாரும் கவனிக்கவில்லை. துணியை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார். அது நெஞ்சில் ஈரமாக ஒட்டியது. மற்றவர்களின் அழுக்கு வெளியே இருக்கிறது, விலகி நிற்கலாம். இதிலிருந்து எங்கே விலகுவது?

அப்போது மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு.

நிமிர்ந்து பார்த்தார். சாப்பாட்டுப் பையோடு மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். 'போடா வெளியே' என்று விரட்டப்பட்டவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவரை எச்சரித்திருக்கிறான். அவருக்கு உடம்பு கூசியது. தான் விரட்டிய கையாலேயே காப்பாற்றப்படுவதைவிட அவள் வாயில் மாட்டிக்கொள்வதே மேல் என்று தோன்றியது.

அவள் நின்றிருந்த ரயிலைப் பார்த்தாள். பலகைக்கு மேலாக எட்டித் தம்பியைப் பார்த்தாள்.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. தூசி."

"தூசியா? உன் மூஞ்சி ஏன்டா இப்படி இருக்கு?"

மச்சினன் பெட்டிகளைக் கோக்கக் குனிந்தான். அவள் கணவர் பக்கம் திரும்பினாள். தூசி என்றே அவரும் விட்டுவிடலாம். மச்சினனுக்கு அந்த அறையின் கதவு அடைபடாது, ரயில் தப்பிக்கும். அவர் பைக்குள் கைவிட்டுத் துணியை வெளியே எடுத்தார்.

"எண்ணெய். நான்தான் ஜாஸ்தியா ஊத்திட்டேன்." துணியை விரித்துக் காட்டினார். "பழியை அவன்மேல போட்டுக் கத்திட்டேன். எல்லார் முன்னாடியும்."

அவள் கத்தவில்லை. சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "எந்திரிடா, போலாம்," என்றாள் தம்பியிடம்.

"இரு அக்கா. சாயங்கால ரயில் இன்னும் பாக்கி இருக்கு."

"உனக்கு வெக்கமே இல்லையாடா?"

"இருக்கு. ஆனா ரயில் நிக்குதில்ல?"

மச்சினன் குனிந்து பொட்டலத்தை எடுத்தான், பிரித்தான், பலகைக்கு மேலாக ஒன்றை நீட்டினான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்திருந்தான். விரல் நுனியில் உப்பு.

"சாப்பிடுங்க மாமா."

அது விளையாட்டா, தண்டனையா என்று அவன் முகத்திலிருந்து தெரியவில்லை. அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாங்கிக்கொண்டார். விரல் விரலில் பட்டது. வாயில் போட்டார். நமுத்துப் போயிருந்தது. குமட்டிக்கொண்டு வந்ததைக் கண்ணில் நீர் வர அடக்கி விழுங்கினார்.

"செத்துட மாட்டீங்க," என்று சொல்லிவிட்டு அவள் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள்.

மூவருமாகத் தண்டவாளத்தையும் என்ஜின் சக்கரங்களையும் துடைத்தார்கள். இருந்த துணியெல்லாம் கறுத்தது. ரயிலைப் பின்கட்டில் விட்டு, கறுத்த துணியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவர் தன் இடத்துக்குப் போய் ஒரு தட்டு தட்டினார். பின்கட்டிலிருந்து உடனே பதில் வரவில்லை. அவர் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் நின்றார். பிறகு ஒரு தட்டு கேட்டது. கொஞ்சம் பொறுத்து இரண்டு: ரயில் கிளம்பிவிட்டது.

பாலத்துக்கு அடியிலிருந்து ரயில் திக்காமல் வந்து நடைமேடையில் நின்றது. முதல் பெட்டியின் ஜன்னலில் முழுசாக ஒரு கட்டைவிரல் ரேகை. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அங்கே இருந்தது அந்தக் கறுப்புத் துணிதான். அதைக் கொண்டு துடைத்தால் இன்னும் அசிங்கமாகும்.

கையை வெளியே எடுத்து, இரண்டு தட்டி, நிறுத்தி, ஒன்று தட்டினார்.