கேப்டன் பூங்கோதை மறுத்த பரிசு

கோவையில் தரையிறங்கி, பயணிகள் எல்லோரும் இறங்கிய பிறகு கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். குமரேசன் ஆறு முறை அழைத்திருந்தார். கேப்டன் பூங்கோதையின் தம்பி அவர். திரும்ப அழைத்தேன்.

“பிரபு, அக்கா போயிருச்சுங்க” என்றார். “காலைல காப்பி கொண்டுட்டுப் போனேனுங்க. கூப்பிட்டேன், எந்திரிக்கல.”

சீருடையோடு அப்படியே அருள்புரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். குமரேசனின் பனியன் கம்பெனியும் வீடும் ஒரே வளாகத்தில்தான். எந்த நேரம் போனாலும் தையல் மிஷின் இரைச்சல் கேட்கும் அந்த இடம் அன்று அமைதியாக இருந்தது. தைக்கும் பெண்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அழுகை தமிழிலும் இந்தியிலும் ஒரியாவிலும் கேட்டது. ஒரு விமானிக்காக இத்தனை தையல்காரப் பெண்கள் ஏன் அழுகிறார்கள் என்று அன்று வந்த சக விமானிகள் சிலர் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்காகவும், கேப்டனோடு பறந்த உங்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

பூங்கோதை அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா காலமான பின் தம்பி வீட்டு மாடியில் இருந்தார். அங்கிருந்து கோவை விமான நிலையத்துக்குத் தானே கார் ஓட்டி வருவார். நான் வெள்ளகோவில்காரன், அவருடைய துணை விமானியாகப் பல நாள் பறந்தவன். விமானத்துக்குள் ‘மேடம்’, வெளியே ‘அக்கா’.

அவரைப் பற்றி முதலில் நினைவுக்கு வருவது ஒரு சட்டை. பெண் விமானிகளுக்கு எங்கள் விமான நிறுவனம் கொடுத்த சீருடைச் சட்டை ஆண்களின் அளவில் வெட்டியது. தோள் தொங்கும், மார்பு இறுக்கும். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டு போட்டுக்கொண்டார்கள். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை குமரேசனின் பேட்டர்ன் மாஸ்டரை உட்காரவைத்துப் புது அளவு வரையச் சொன்னார். கோவையில் இருந்த பெண் விமானிகள் எல்லோருக்கும் தைத்துக் கொடுத்துவிட்டு, அந்த அளவுத் தாளை நிறுவனத்துக்கும் அனுப்பிவைத்தார். “சட்டையே இப்படின்னா, மத்ததெல்லாம் யாரை நிக்கவெச்சு அளவெடுத்திருப்பாங்கன்னு பாருங்க” என்றார். அடுத்த ஆண்டு நிறுவனத்தின் சட்டையே மாறிவிட்டது.

பிறகு அந்தக் காப்பீட்டு விவகாரம் வந்தது. எங்கள் விமான நிறுவனம் மருத்துவக் காப்பீட்டை மாற்றப்போவதாக மின்னஞ்சல் அனுப்பியது. பிரீமியம் ஏறிவிட்டதாம். அதனால் ‘ஆரோக்கிய ஊக்கத் திட்டம்’ ஒன்று. எல்லோருக்கும் கையில் கட்டிக்கொள்ள ஒரு கடிகாரம். நடந்த நடை, தூங்கிய தூக்கம், எடை எல்லாவற்றுக்கும் பாயிண்ட். மூன்று மாதம் ஒரு நாள்கூட உடல்நல விடுப்பு எடுக்காதவருக்குப் பெரிய பாயிண்ட். பாயிண்ட் சேர்ந்தால் நம் சம்பளத்தில் பிடிக்கும் பிரீமியம் குறையும். முதலில் எங்கள் கோவைத் தளத்தில் மட்டும் சோதனை ஓட்டம். பிடித்திருந்தால் விமானிகள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும்.

எனக்கு அது பிடித்திருந்தது. மாலையில் வீட்டைச் சுற்றி நடந்து, பாயிண்ட் ஏறுவதை மனைவியிடம் காட்டுவேன். அக்கா மட்டும்தான் மின்னஞ்சலோடு வந்த பின்னிணைப்பு முழுவதையும் படித்தவர் என்று நினைக்கிறேன்.

சோதனையின் மூன்றாவது மாதத்தில் எனக்குச் சளி பிடித்தது. ஒரு நாள் விடுப்பு போட்டாலும் பெரிய பாயிண்ட் போய்விடும். மாத்திரை போட்டுக்கொண்டு மும்பைக்குப் பறந்தேன். திரும்பி கோவைக்கு இறங்கும்போது வலது காதில் ஆணி இறக்கியது போல வலி. கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன உயரத்தை நான் தப்பாகத் திருப்பிச் சொன்னேன். அக்கா ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார்.

“ரேடியோவையும் நானே பாத்துக்கறேனுங்க” என்றார். விமானத்தை இறக்கினார். பயணிகள் கைதட்டியது எனக்கு ஒரு காதில் மட்டும் கேட்டது.

எல்லோரும் போன பிறகுதான் பேசினார். “எத்தனை நாளா சளி?”

“மூணு நாளுங்க.”

“ஏன் லீவு போடலீங்க?”

“பாயிண்ட் போயிருமுங்க, மேடம்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. “ரிப்போர்ட் எழுதுங்க. நானும் எழுதறேன். ஆனா நீங்க இப்பச் சொன்ன காரணத்தை அப்படியே எழுதோணும். மழுப்பக் கூடாது” என்றார். எழுதினேன். அப்படி எழுத எனக்கு வெட்கமாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கையெழுத்திடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க, குமரேசனின் கம்பெனி மாடியில் கூடினோம். ஏற்றுமதிக்கு அடுக்கிய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலிகள். பாதிப் பேருக்கு மேல் திட்டத்துக்கு ஆதரவு. “நல்லா நடந்தா நமக்குத்தானே நல்லது?” என்றார் ஒருவர்.

அக்கா எழுந்தார். “நடக்கறதுக்குப் பாயிண்ட் குடுக்கட்டுமுங்க, வேண்டாங்கல. லீவு போடாததுக்குக் குடுக்கறதுதான் தப்பு. கீழ இந்தக் கம்பெனியில ஒரு நாளும் லீவு போடாதவங்களுக்கு அட்டெண்டன்ஸ் போனஸ் இருந்துச்சு. தேனிப் பக்கத்துப் புள்ள ஒண்ணு, முத்துலட்சுமின்னு, காய்ச்சலோட வந்து மிஷின்ல உக்காந்துச்சு. ஊசி விரல்ல எறங்கிருச்சு. ஏம்மா வந்தேன்னு கேட்டா, ‘ஒரு நா வரலைன்னா மாசமே போயிருமேக்கா’ன்னு சொல்லுச்சு. அந்தப் போனஸை எடுத்து எல்லாருக்கும் சம்பளத்துல சேருன்னு தம்பிகூட ஒரு மாசம் சண்டை போட்டேன். அந்தப் புள்ளைக்கு ஒரு விரலோட போச்சு. நம்ம பின்னாடி நூத்தியெண்பது பேரு உக்காந்திருக்காங்க.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை.

“இன்னொண்ணும் சொல்லிர்றேன். கேப்டன் ஆகப்போற சமயத்துல எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும். நாலு மாசம் யாருக்கும் சொல்லாம பறந்தேன். அப்புறம் பயந்துபோய் டாக்டர்கிட்டச் சொன்னேன். எட்டு மாசம் தரையில உக்காத்தி வெச்சாங்க. சரியாகித் திரும்ப வந்தேன். ஆனா அந்த நாலு மாசத்தை நெனைச்சா எனக்கு இன்னமும் கூசுதுங்க.”

ஒரு விமானி இன்னொரு விமானியிடம் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எங்கள் பிழைப்பே மருத்துவச் சான்றில் தொங்குகிறது. உடம்பைப் பற்றி நாங்கள் பொய்தான் பேசுவோம்.

அந்தக் கூட்டத்தில் இருந்த யாரோ அதை விமான நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டார்கள். சென்னையில் பேச்சுவார்த்தைக்குப் போன மூவரில் நானும் ஒருவன். எங்கள் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் அக்கா மேசைமேல் வைத்தார். நிறுவன மேலாளர் அவற்றைத் தொடாமல், “நீங்களே மறைச்சவங்கதானே மேடம்?” என்று கேட்டார்.

அக்கா நிதானமாகச் சொன்னார்: “ஆமாங்க, மறைச்சேன். பரிசு ஒண்ணும் இல்லாதப்பவே மறைச்சேன். மறைக்கறதுக்குப் பரிசும் குடுத்திருந்தீங்கன்னா இன்னும் எத்தனை மாசம் மறைச்சிருப்பேன்னு யோசிச்சுப் பாருங்க.”

மேலாளர் ரிப்போர்ட்டுகளை எடுத்துப் படித்தார். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. விடுப்புக்கான பாயிண்ட்டை நீக்குகிறோம். ஆனால் செலவைக் குறைத்தாக வேண்டும், அதனால் விமானிகளின் பெற்றோர் இனி நிறுவனக் காப்பீட்டில் இருக்க மாட்டார்கள். அல்லது திட்டம் முன்பு சொன்னபடியே இருக்கட்டும், பெற்றோரும் இருக்கட்டும். இரண்டில் ஒன்று. நாங்கள் சீட்டு எழுதிப் போட்டோம். கொஞ்சம் வித்தியாசத்தில் அக்கா பக்கம் ஜெயித்தது. நான் அவருக்கு எதிராகத்தான் எழுதிப் போட்டேன். என் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை வேறு.

அன்று மாலை அவருக்குப் போன் செய்து, இன்றுவரை உறுத்துகிற ஒன்றைச் சொன்னேன். “உங்களுக்கு அப்பா அம்மா இல்லீங்க. விட்டுக்குடுக்கறது சுலபம்.”

“ஆமாங்க” என்றார். போனை வைத்துவிட்டார்.

ஒரு மாதம் நாங்கள் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் வெள்ளகோவில் வீட்டு வாசலில் அவர் கார் நின்றது. கையில் ஒரு கோப்பு. இடைப்பட்ட நாளில் அவர் ஊர் ஊராக முகவர்களைப் பார்த்து, வயதானவர்களைக் குழுவாகச் சேர்த்துக்கொள்ளும் வேறொரு காப்பீட்டைக் கண்டுபிடித்திருந்தார். எங்கள் தளத்து விமானிகளின் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் தானே படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

அம்மா குரலைத் தாழ்த்தி, “சக்கரைன்னு எழுதிராத கண்ணு. சேத்த மாட்டாங்க” என்றார்.

“எழுதிருவோமுங்கம்மா. சேத்தறக்குக் கொஞ்ச நாள் ஆகும், பரவாயில்ல. மறைச்சா அப்புறம் ஆஸ்பத்திரியில நின்னுட்டு அழுகோணும்.”

அம்மாவுக்கு அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். சர்க்கரையோடு, எங்களுக்கே தெரியாமல் வைத்திருந்த மூட்டு வலியையும் தலைசுற்றலையும் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். அக்கா சிரித்துக்கொண்டே எழுதினார். பின்னால் பித்தப்பை அறுவை சிகிச்சை வந்தபோது அந்தக் காப்பீடுதான் கைகொடுத்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். “நீங்க சொன்னதுல பாதி நெசம்தானுங்க. அதனாலதான் இந்த ஃபாரத்தைத் தூக்கிட்டு அலையறேன்” என்றார்.

போன ஆண்டு அந்தப் படபடப்பு அவருக்குத் திரும்ப வந்தது. மருத்துவப் பரிசோதனையில் அது தெரியவில்லை. அவரே சொன்னார். சான்று புதுப்பிக்கப்படவில்லை, பறப்பது நின்றது. குமரேசன் கேட்டிருக்கிறார்: “டாக்டருக்கே தெரியலையில்லக்கா, இன்னும் ரெண்டு வருசம் ஓட்டியிருக்கலாமே?” அதற்கு அக்கா, “ஓட்டியிருக்கலாம் சாமி. ஆனா எனக்குத் தெரியுமே” என்றாராம். தரையில் இருந்த கடைசி மாதங்களில் தையல் பெண்களுக்கு மருத்துவமனைப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும், காய்ச்சலோடு வருபவர்களைத் தானே காரில் அழைத்துப்போவதுமாக இருந்தார். வாசலில் கேட்ட அழுகைக்குக் காரணம் அதுதான். சுடுகாட்டுக்கு வண்டி கிளம்பும்போது, விரலில் ஊசி இறங்கிய அந்த முத்துலட்சுமி வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள்.

நான் இப்போது கேப்டன். அக்கா போன மறுவாரம், காலை விமானத்துக்குப் பயணிகள் ஏறக் காத்திருந்தார்கள். என் துணை விமானி பையைக் கீழே வைத்துவிட்டு, “கேப்டன், குழந்தை விடிய விடிய வாந்தி. நான் கண்ணே மூடலை. இன்னிக்கு என்னால முடியாது” என்றாள். வேறு ஆளை வரவழைக்க ஐம்பது நிமிடம் ஆனது. பயணிகள் என்னைத்தான் திட்டினார்கள். ஏறும் வாசலில் நின்று அதை வாங்கிக்கொண்டேன். அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். உள்ளதை எழுதினேன்.

அவள் அதை என்னிடம் சொன்னபோது குரல் தடுமாறவில்லை. சொன்னால் நான் என்ன நினைப்பேன் என்று அவள் யோசித்ததாகவும் தெரியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. பூங்கோதை அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். பக்கத்து இருக்கைக்காரர் கூசாமல் ‘முடியலைங்க’ என்று சொல்லக்கூடிய ஆளாக அவர் என்னை ஆக்கிவிட்டுப் போயிருக்கிறார்.