காணாமல் போன பச்சைப் பட்டன்

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு பெண் என்னை போனில் திட்டினார். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும்— எனக்குத் திட்டு புதிதல்ல. ஆனால் இது வாங்கிய எனக்கே கைதட்டலாமா என்று தோன்றிய திட்டு.

என் பிழைப்பைச் சொன்னால்தான் விஷயம் புரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறேன். மெயில் பார்க்கிற புரோகிராமுக்குள் கூடுதலாக ஒரு பட்டனைச் செருகுவது எங்கள் வேலை. ஆட்-இன் என்பார்கள். லேத் பட்டறைகளுக்காக ஒன்று செய்தோம். ஒரே பாகத்துக்கு நாலு தடவை டிராயிங்கை மாற்றி மாற்றி மெயில் அனுப்புகிற கஸ்டமர்கள் உண்டு. எங்கள் பச்சைப் பட்டனை அமுக்கினால், கடைசியாக வந்த டிராயிங்கை மட்டும் எடுத்துக் கொடுக்கும்.

திட்டியவர் பெயர் கஸ்தூரி. எங்கள் ஆபீசிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு பட்டறையில் வேலை. மெயிலில் வரும் டிராயிங்கைப் பிரிண்ட் எடுத்து மெஷினுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு.

"இன்னா மேடம், தூங்கினு கீறீங்களா? உங்க பட்டன் காணாம பூட்ச்சின்னு மூணு தபா மெயில் போட்டேன். மூணு தபாவும் 'அப்கிரேட் பண்ணுங்க'ன்னு ஒரே பதிலு. படிச்சிட்டுதான் போட்றீங்களா, இல்ல ஜோசியக் கிளி எட்த்துக் குடுக்குதா?"

கிளி இல்லை... நான்தான். சத்தியமாகப் படிக்கவில்லை. மெயில் புரோகிராம் 'பழைய வெர்ஷன்' என்று யாராவது எழுதியிருந்தாலே என் கை தானாக அந்தப் பதிலை ஒட்டிவிடும்.

அதனால் நடந்ததையும் அடுத்துச் சொன்னார். பட்டன் இல்லாததால் கையால் தேடி ஒரு டிராயிங்கை எடுத்திருக்கிறார். அது இரண்டாவதாக வந்தது. நாலாவதுதான் கடைசி. ஒரு ஷிப்ட் முழுக்கத் தப்பான அளவில் ஷாஃப்ட்டாகக் கடைந்து தள்ளியிருக்கிறார்கள். அத்தனையும் ஸ்கிராப்!

"சனிக்கெயமைக்குள்ள பட்டன் வர்லேன்னா என்னிய பேக்கிங்ல தூக்கிப் போட்றேன்னு ஓனர் சொல்லிட்டாரு. எட்டு வருசமா குந்திகினு கீற சீட்டு மேடம்..." அதுவரை கணீரென்று இருந்த குரல் அங்கே மட்டும் இறங்கியது.

எங்கள் மேனேஜரிடம் ஓடினேன். "பழைய வெர்ஷன்ல ஓடும்னு நாம எங்கயாவது சொல்லியிருக்கோமா?" என்றார். சொல்லவில்லைதான். ஆனால் ஓடிக்கொண்டிருந்ததே! போன மாதம் நாங்கள் சத்தமில்லாமல் அனுப்பிய அப்டேட்டில்தானே அது செத்தது? "பாருங்க. ஆனா தப்பு நம்மளுதுன்னு மட்டும் வாயைத் திறக்காதீங்க" என்றார்.

எங்கள் ஆபீசில் அந்தப் பழைய பதிப்பு ஒன்றுகூட இல்லை. எல்லாரிடமும் ஷோக்காகப் புதுசு. ஆகவே புதன்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கஸ்தூரியின் மேஜைக்கே போனேன்.

"ஏங்க, புதுசு போட்டா என்ன?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதோ அந்த மெஷினுக்கு உண்டான புரோகிராமும் இதே கம்ப்யூட்டர்லதான் கீது. புது மெயிலுக்கு விண்டோஸும் புதுசு போடணும், போட்டா அது பட்த்துக்கும். நான் மெஷின மாத்தணுமா, நீங்க பட்டன மாத்துறீங்களா?"

உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன்.

மத்தியானம்தான் பிடிபட்டது. பட்டன் எங்கே வர வேண்டும், எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு சின்னப் பட்டியல் எழுதி மெயில் புரோகிராமிடம் கொடுப்போம். அப்டேட்டில் அந்தப் பட்டியலைப் புதுப் பதிப்பின் பாணிக்கு மாற்றியிருந்தோம். பழையது முதல் வரியைப் பார்த்திருக்கிறது. புரியவில்லை. மொத்தப் பட்டியலையும் ஓரமாக வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. எரர் கூடக் காட்டவில்லை.

மாற்றியது யார்? அதுவும் நானே. ரைட் கிளிக் பண்ணினாலும் பட்டன் வர வேண்டும் என்று ஓர் ஆசை. அந்த வசதியை இன்றுவரை யாரும் தொட்டதாகத் தகவல் இல்லை.

வழி சுலபம். பட்டியலை இரண்டு விதமாக எழுது. திறக்கும்போதே 'நீ எந்தப் பதிப்பு?' என்று கேள். அதற்கு ஏற்றதைக் கொடு. வியாழக்கிழமை காலையில் பட்டன் பச்சையாக வந்து நின்றது. பெருமையோடு கஸ்தூரியைப் பார்த்தேன். அமுக்கினார். மெயில் புரோகிராமே பட்டென்று மூடிக்கொண்டது.

"இப்ப மெயிலும் பூட்ச்சு. நல்லா வருவீங்க யக்கா."

மேடத்திலிருந்து அக்காவாக நான் உயர்ந்தது இப்படித்தான்.

உள்ளே பழைய பதிப்புக்குத் தெரியாத இன்னும் இரண்டு கட்டளைகள் இருந்தன. அவற்றைத் தேடிப் பிடித்து மாற்று வழி எழுத வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. கஸ்தூரி மறுபடி அமுக்கினார். நாலாவது டிராயிங் வந்தது. நான் துள்ளினேன். அவர் துள்ளவில்லை. கஸ்டமரின் மெயிலைப் பக்கத்தில் திறந்து வைத்து ஒவ்வொரு அளவாக ஒப்பிட்டார். அப்புறம்தான், "கரீக்டா கீது" என்றார்.

கஸ்தூரியையும் கூட்டிக்கொண்டு நேரே ஓனர் ரூமுக்குப் போனேன். "தப்பு எங்க அப்டேட்டுல சார். இவங்க மூணு தடவை சொல்லியும் நான்தான் கவனிக்கல" என்றேன். அவர் என்னையும் கஸ்தூரியையும் மாறி மாறிப் பார்த்தார். "எழுத்துல குடுப்பீங்களா?"

அங்கேயே மெயிலாக எழுதிக் கொடுத்தேன். பேக்கிங் பேச்சு அதோடு நின்றது. கஸ்தூரி அந்த மெயிலையும் பிரிண்ட் எடுத்து ஃபைலில் போட்டுக்கொண்டார்.

மேனேஜர் சனிக்கிழமை முழுக்க என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

யோசித்துப் பார்த்தால், 'அப்கிரேட் பண்ணுங்க' என்பதைவிடச் சுலபமான பதில் உண்டா? நான் புதுசு வாங்கிவிட்டேன் என்பதால் ஊரில் உள்ளதெல்லாம் எனக்குப் பழசு. அதில் ஒருத்தர் அன்றாடம் உட்கார்ந்து பிழைத்துக்கொண்டிருக்கிறார் என்பது கண்ணிலேயே படுவதில்லை.

திங்கட்கிழமை கஸ்தூரியிடமிருந்து வாட்ஸ்அப்: "யக்கா, அடுத்த அப்டேட் எப்போன்னு முன்கூட்டியே சொல்டுங்க... அன்னிக்கி நான் லீவு."